இருப்புப் படமும் வரவுசெலவுக் கணக்கும்

நம் மன்ற நண்பர்களுள் படக்கருவி வாங்கியவர்களின் தொகை இவ்வாண்டு பெருகியிருக்கிறது. உதவித்தொகையில் மிச்சம் பிடித்து வாங்கியவர் சிலர். தவணையில் வாங்கியவர் பலர். இவர்களுள் பாதிப்பேர் என்னைக் கண்டால் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இணையத்தில் படம் விற்றால் கருவியின் விலை திரும்புமா?" இதற்கு ஒரு சொல்லில் விடை கூற இயலாது; ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க இயலும். அக்கணக்கைப் போடும் முறையைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். நான் இயற்பியல் மாணவன். வணிகவியல் பயின்றவன் அல்லன். எனினும் மூன்று ஆண்டுகளாக விடுமுறைதோறும் என் ஊரில் படம் எடுத்து விற்று வருகிறேன். ஆதலால் இதைப் பற்றிப் பேச ஓரளவு உரிமை உண்டென எண்ணுகிறேன்.

‘ஸ்டாக் போட்டோ’ என வழங்கும் பொருளை இங்கே இருப்புப் படம் என்று குறிப்பேன். திருமணப் படம் எடுப்பவருக்குக் கேட்டவர் ஒருவர் உண்டு. கூலியும் முன்னரே பேசப்படும். இருப்புப் படத்திற்கோ கேட்டவர் எவருமில்லை. நாமே செலவு செய்து எடுத்து, ஒரு நிறுவனத்தின் களஞ்சியத்தில் இட்டுவைக்கிறோம். என்றோ ஒருநாள் எங்கோ ஒரு விளம்பரக்காரர் அதைத் தேடி எடுத்தால் நமக்கு ஒரு பங்கு வரும். செலவு இன்று, வரவு என்றோ. இத்தொழிலின் சிக்கல் அனைத்தும் இந்தக் கால இடைவெளியிலேதான் இருக்கிறது.

சார்லஸ் ஓரியர் என்னும் அமெரிக்கர் 1996-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் சாலையோரத்தில் வண்டியை நிறுத்திப் பச்சைக் குன்று ஒன்றைப் படமெடுத்தார். அப்படம் ஓர் இருப்புப் பட நிறுவனத்தில் சில ஆண்டுகள் கிடந்தது. பின்னர் மைக்ரோசாப்ட் அதன் உரிமையை வாங்கி, 2001-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி கணிப்பொறிகளின் முகப்பில் இட்டது. உலகில் மிகுதியான கண்கள் கண்ட படங்களுள் அஃது ஒன்று. இக்கதையைக் கேட்டு மயங்கிக் கருவி வாங்கியவர்களை நான் அறிவேன். ஆனால் அவர்கள் ஒன்றை எண்ணிப் பார்ப்பதில்லை. ஓரியர் அன்று புதிய மாணவர் அல்லர். நேஷனல் ஜியாகிரபிக் இதழுக்குப் பல்லாண்டு பணியாற்றியவர். அந்த ஒரு படத்தின் பின்னே விற்காத படங்கள் எத்தனை இருந்திருக்கும்!

நமக்குப் பாடமாக வேண்டியது இன்னொருவர் கதை. ஜான் ஓரிங்கர் 2003-இல் நியூயார்க்கில் ஷட்டர்ஸ்டாக் நிறுவனத்தைத் தொடங்கியபோது, தாமே எடுத்த ஏறத்தாழ 30,000 படங்களை முதலாக வைத்தார். சந்தா கட்டியவர் வேண்டிய படங்களை எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் முறை. அதற்குமுன் ஒரு படத்திற்கு நூற்றுக்கணக்கான டாலர் கேட்ட சந்தையில், படம் கத்தரிக்காய் விலைக்கு வந்தது. 2000-இல் கனடாவில் தோன்றிய ஐஸ்டாக்போட்டோ இவ்வழியின் முன்னோடி; அதனை 2006-இல் கெட்டி இமேஜஸ் 5 கோடி டாலருக்கு வாங்கியது. பயன்பாட்டுக்கு ஏற்ப விலை பேசும் பழைய உரிமை முறையைத் தன் படைப்புப் படங்களுக்குக் கெட்டி 2020-இல் கைவிட்டது. அதே ஆண்டு ஜூன் மாதம் ஷட்டர்ஸ்டாக் படமெடுப்பவரின் பங்கை 15 விழுக்காடு முதல் 40 விழுக்காடு வரை எனப் படிநிலைகளாக வகுத்தது. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் நாள் எல்லோரும் அடிப்படிக்கே இறங்கிவிட வேண்டும். ஒரு பதிவிறக்கத்துக்கு 10 சென்ட் வரையும் பங்கு குறையலாம். அடோபி ஸ்டாக் படத்துக்கு 33 விழுக்காடு தருகிறது. 25 டாலர் சேர்ந்தபின்பே பணம் கைக்கு வரும்.

இனி நம் ஊருக்கு வருவோம். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் சாலையில் எல்லையோரத்தில் இருப்பது கோபாலபுரம். என் பாட்டனார் பிழைப்புத் தேடி இப்பக்கம் வந்து குடியேறியவர். நாங்கள் வீட்டில் தமிழும் அலுவலகத்தில் மலையாளமும் பேசி வளர்ந்தவர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்த பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று ஓயாமல் வீசும். வரப்பில் பனைகள், அப்பால் தென்னந்தோப்பு, அடிவானத்தில் நெல்லியாம்பதி மலை. படமெடுக்க வருபவர் முதல் நாளிலேயே இவற்றை எல்லாம் எடுத்துவிடுவார். ஆனால் பனையும் வயலும் களஞ்சியத்தில் ஏற்கெனவே மலைபோல் குவிந்து கிடக்கின்றன. விளம்பரக்காரர் தேடுவது வேறு. வயதான உழவர் ஒருவர் கைப்பேசியில் பணம் செலுத்துவது. தமிழ்ப் பலகையும் மலையாளப் பலகையும் அருகருகே தொங்கும் கடையில் மாணவி தேநீர் அருந்துவது. இத்தகைய காட்சிகள் குறைவு. அழகான படம் வேறு, தேவையான படம் வேறு என்பதை உணர்ந்தபின்னரே செலவுத் திட்டத்தில் கைவைக்க வேண்டும்.

இடையே ஒன்று சொல்லிவிடுகிறேன். சரக்கு சேவை வரி 2017 ஜூலையில் வருமுன் எங்கள் எல்லையில் வணிகவரிச் சாவடியின்முன் லாரிகள் வரிசையாய் நிற்கும். அன்று ஒருவர் இலவசமாய் எடுத்திருக்கக்கூடிய அப்படத்தை இன்று எவ்வளவு செலவிட்டாலும் எடுக்க இயலாது. செய்தி, கல்வி முதலிய பயன்பாட்டுக்கு உரிய இத்தகைய படங்களுக்கு ஆள் ஒப்புதல் படிவமும் வேண்டியதில்லை. ஊர் மாறுவதற்குமுன் எடுத்து வைப்பதைக் காட்டிலும் சிக்கனமான முதலீடு எனக்குத் தெரியாது.

இரண்டு நாள் படப்பிடிப்பு ஒன்றின் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். தொகைகள் என் குறிப்பேட்டிலிருந்து வட்டமாக்கியவை. நண்பரும் நானுமாக இருவர். பெட்ரோல் 400 ரூபாய், உணவு 600, வாடகை லென்சுக்கு 1,600, படத்தில் நிற்கும் இருவருக்குக் கூலி ஆளுக்கு 800 ஆக 1,600, புதுத் தோர்த்து, தூக்குப்போசி முதலிய பொருள்களுக்கு 200, படிவ அச்சும் படி எடுத்தலும் 100. ஆகக் கைப்பணம் 4,500 ரூபாய். பலர் இத்துடன் கணக்கை முடித்துவிடுவார்கள். ஆனால் கருவியும் தேய்கிறதன்றோ? 60,000 ரூபாய்க் கருவியின் ஷட்டர் ஒரு இலட்சம் சொடுக்குகள் தாங்கும் எனக் கொண்டால், ஒவ்வொரு சொடுக்குக்கும் 60 காசு தேய்மானம். இரு நாளில் ஆயிரம் சொடுக்கு என்றால் 600 ரூபாய். செலவு 5,100 ஆயிற்று. அடுத்து நம் உழைப்பு. களத்தில் 16 மணி நேரம். தேர்ந்தெடுத்த 60 படங்களைத் திருத்தித் தேடுசொற்கள் இட, படத்துக்குக் கால் மணி வீதம் 15 மணி நேரம். மணிக்கு நூறு ரூபாய் என மதிப்பிட்டால் 3,100. மொத்தம் 8,200 ரூபாய். மழைக்காலமாயின் இவற்றின்மேல் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்க. ஜூன், ஜூலை மாதங்களில் வெயிலை நம்பி லென்சு வாடகைக்கு எடுப்பது சீட்டாட்டம்.

கூலி 1,600 என்பதைச் சிலர் வீண்செலவு என்கின்றனர். "கிராமத்து மக்கள் கேட்காமலேயே நிற்பார்களே!" என்றார் ஒரு நண்பர். நிற்பார்கள், அதனாலேயே நாம் கொடுக்க வேண்டும். நாற்று நடும் பெண் நமக்காக அரைநாள் நின்றால் அவருக்கு அரைநாள் கூலி போகிறது. படத்தால் வரும் இலாபத்தில் அவருக்குப் பங்கில்லை. ஒப்புதல் படிவமோ அவர் முகத்தை விலை கூறும் உரிமையை நமக்குத் தந்துவிடுகிறது. சென்ற முண்டகன் நடவின்போது வரப்பில் நின்ற அக்கா ஒருவரிடம் படிவத்தைத் தமிழில் படித்துக் காட்டினேன்.

"ஏனுங் தம்பி, இதுல கையெழுத்துப் போட்டா நெலத்துக்கு ஏதாச்சும் வந்துருமுங்களா?" என்றார்.

"நெலத்துக்கு ஒண்ணும் ஆகாதுங்க அக்கா. உங்க மொகம் வெளம்பரத்துல வரலாம். எந்த ஊரு வெளம்பரம்னு எனக்கே தெரியாதுங்க."

"வந்தா வரட்டுமுங்க. சாராயத்துக்கு மட்டும் வேண்டாமுங்க."

அந்த உறுதியை என்னால் அளிக்க இயலவில்லை. ஒருமுறை விலை கொடுத்தவர் பலமுறை பயன்படுத்தும் முறையில், வாங்குபவர் யார் என்பதே நமக்குத் தெரியாது. இழிவான பயன்பாட்டை நிறுவனங்களின் உரிமங்கள் தடுக்கின்றன என்பது மெய்யே. ஆனால் அந்த அக்காவின் ஒற்றை நிபந்தனையை எழுத அப்படிவத்தில் இடமில்லை. ஆகவே முகம் தெரியாமல் சேறு படிந்த கைகளையும் நாற்றுக் கட்டையும் மட்டும் எடுத்தேன். கூலி அதே 800. செலவுத் திட்டத்தில் இத்தொகையை முதல் வரியில் எழுதுவதே என் வழக்கம்; பணம் குறைந்தால் லென்சைக் குறைப்பேன்.

இனி மீட்சிக் கணக்கு. ஒரு டாலர் 85 ரூபாய் என்று கொள்வோம். எல்லா விற்பனையும் அடிமட்ட 10 சென்டில் நடந்தால் ஒன்றுக்கு எட்டரை ரூபாய். 5,100 ரூபாய் மீள 600 பதிவிறக்கம் வேண்டும். அதாவது 60 படங்களும் தலைக்குப் பத்துமுறை விற்க வேண்டும். சராசரி 30 ரூபாய் கிடைத்தால் 170 பதிவிறக்கம் போதும். படத்துக்கு மும்முறைக்குச் சற்றே குறைவு.

எத்தனை மாதத்தில்? இங்கேதான் இயற்பியல் கைகொடுக்கிறது. புதிய படங்கள் நாள்தோறும் வந்து குவிவதால் பழைய படத்தின் வருவாய் கதிரியக்கப் பொருள்போல் தேய்கிறது. முதல் மாத வருவாய் 360 ரூபாய். அடுத்தடுத்த மாதம் முந்தியதில் 95 விழுக்காடு என்று வைப்போம். இது நாம் பள்ளியிற் கற்ற பெருக்குத் தொடர். முடிவின்றிக் கூட்டினாலும் 360-ஐ 0.05-ஆல் வகுத்த 7,200 ரூபாய்க்குமேல் வாராது. அதில் 5,100 ரூபாய் திரும்ப ஏறத்தாழ 24 மாதம் ஆகும். உழைப்பையும் சேர்த்த 8,200 ஒருநாளும் திரும்பாது. தேய்வு 95-க்குப் பதில் 90 விழுக்காடாயின் முழுக்கூட்டே 3,600தான், கைப்பணமே மூழ்கிவிடும். முதல் மாத வருவாயைக் கண்டு மகிழ்வதைவிட, நான்கைந்து மாத வருவாயை வரைபடத்தில் குறித்து இவ்விகிதத்தைக் காண்பது நன்று. படத்தின் பொருளைப் பொறுத்து விகிதம் மாறும். கைப்பேசி மாதிரி தெரியும் படம் விரைவில் பழசாகும். நாற்று பிடித்த கைக்கு ஆண்டு தெரியாது.

வரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்க நிறுவனங்களில் சேர்கையில் டபிள்யூ-8பென் என்னும் படிவத்தை நிரப்புதல் வேண்டும். நிரப்பினால் அந்நாட்டு விற்பனையின் உரிமைத்தொகையில் இந்திய-அமெரிக்க உடன்படிக்கைப்படி 15 விழுக்காடு பிடிப்பர், நிரப்பாவிடில் 30. ஐந்து நிமிட வேலையில் வரி பாதியாகிறது. உதவித்தொகை பெறுவோர் வேறு வருவாய் ஈட்டலாமா என்று தத்தம் விதிகளையும் ஒருமுறை படித்துக்கொள்க.

செயற்கை அறிவால் செய்த படங்கள் வந்தபின் இத்தொழில் நிற்குமா என்று கேட்கின்றனர். அடோபி ஸ்டாக் 2022 டிசம்பரில் அவற்றை ஏற்கத் தொடங்கியது. கெட்டி அதே ஆண்டு செப்டம்பரில் மறுத்துவிட்டது. கைகுலுக்கும் வணிகர், சிரிக்கும் மருத்துவர் முதலிய பொதுப் படங்களைப் பொறி இனிக் காசில்லாமல் செய்யும். அவற்றுக்கு ஆள் அமர்த்திச் செலவிடுவதை நான் ஒருவருக்கும் பரிந்துரையேன். ஆனால் ஓர் எல்லைச் சாலையில் இன்ன நாளில் நடந்ததைப் பொறியால் சான்று கூற இயலாது. செய்தித்தன்மை உள்ள படங்களிலேயே என் செலவை இப்போது மிகுதியும் வைக்கிறேன்.

கருவியின் விலை திரும்புமா என்பதற்கு வருவோம். மேற்கண்ட நல்ல விகிதப்படியே ஒரு படப்பிடிப்பு நெடுங்காலத்தில் தரும் 7,200-இல் கைப்பணம் 4,500 போக மிஞ்சுவது 2,700. 60,000 ரூபாய்க்கு 23 படப்பிடிப்புகள்; களத்தில் 46 நாள்கள், மேசையில் 345 மணி நேரம். அப்பணமும் பல ஆண்டுகளில் சொட்டுச் சொட்டாகவே வரும். தவணையோ மாதந்தோறும் ஐந்தாம் தேதி வந்து நிற்கும். ஏற்கெனவே கருவி வைத்திருப்பவருக்கு இது பயனுள்ள வேலை. இதற்காகவே கடன்பட்டுக் கருவி வாங்குவோர் கையொப்பமிடுமுன் என் குறிப்பேட்டை விடுதிக்கு வந்து பார்க்கலாம். முதல் எட்டுப் பக்கங்களில் செலவைத் தவிர வேறொன்றுமில்லை.