ஓட்டுக்கூரைப் பாசி: புதிதாகக் கூரை ஏறும் தம்பிகளுக்கு

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஆண்டில் இரண்டு மழை. வைகாசிப் பிற்பாதியில் தொடங்கும் இடவப்பாதி ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். குலசேகரம், பேச்சிப்பாறை என்று மலையோரம் போகப்போக மழையும் கூடும், மரநிழலும் கூடும். அங்கே ஓட்டு வீடு இருந்தால் பாசியும் இருக்கும். ஓட்டு வேலை பழக வருகிற பையன்கள் எடுத்த எடுப்பிலேயே, "அண்ணாச்சி, பாசிக்கு என்ன மருந்து அடிக்கணும்?" என்றுதான் கேட்கிறார்கள். மருந்துப் பேச்சு கடைசியில் வரட்டும். அதற்கு முன்னால் தெரிய வேண்டியது நிறைய இருக்கிறது.

1. எது வளர்ந்திருக்கிறது என்று கண்டுபிடி.

கூரையில் குடியிருக்கும் உயிர்கள் நாலு வகை. மெத்தென்று புடைத்துப் பச்சையாக இருப்பது நிஜமான செடி. அதற்குக் குட்டித் தண்டும் இலையும் உண்டு, வேர் கிடையாது. நூல் போன்ற இழைகளால் ஓட்டைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரை இலையாலேயே குடிக்கும். பங்குனி வெயிலில் பழுப்பாகிப் பொரிந்து கிடப்பதைப் பார்த்து, செத்துப்போனது என்று நினைத்துவிடாதே. ஒரு கோடைமழை பெய்தால் போதும், கண்முன்னே மறுபடி பச்சை பிடிக்கும். உதிர்க்காமல் விட்ட ஒவ்வொரு துணுக்கும் அடுத்த மழைக்குக் காத்திருக்கிறது என்று வைத்துக்கொள்.

கூரையின் உச்சி விளிம்பான மோட்டிலிருந்து கறுப்பாகக் கோடு இழுத்தமாதிரி இறங்குவது பெரும்பாலும் நீலப்பச்சைப்பாசி. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் சேர்ந்த படலம் அது. வெயிலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளக் கருநிறத்தை அதுவே உண்டாக்கிக்கொள்கிறது.

செங்காவி நிறத்தில் ஓட்டிலும் சுவரிலும் தென்னைமரத்திலும் படர்வது டிரென்டிபோலியா. பச்சைப்பாசி இனந்தான், உள்ளே இருக்கும் செம்மஞ்சள் நிறமி பச்சையை மறைத்துவிடுகிறது. 2001 ஜூலையில் கேரளத்தில் கோட்டயம், இடுக்கிப் பக்கம் சிவப்பு மழை பெய்ததை உன் அப்பாவிடம் கேட்டுப்பார். அந்த மழைநீரை ஆராய்ந்த அறிவியலாளர்கள், இந்தப் பாசியின் வித்துகள்தான் அந்தச் சிவப்புக்குக் காரணம் என்று அறிக்கை கொடுத்தார்கள்.

நாலாவது, சாம்பல் நிறத்தில் வட்டம் வட்டமாக ஒட்டிக் கிடப்பது. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர் அது. செட்டிநாட்டுச் சமையலில் போடுகிற கல்பாசியும் இந்த வகைதான். இதைச் சுரண்டினால் ஓட்டின் தோலும் சேர்ந்து வரும், ஆகவே கத்தி வைக்காதே.

2. பாசியைப் பார்க்காதே, ஈரத்தைப் பார்.

இந்த வேலையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த ஒரு வரிக்குள் அடங்கும். ஓடு சுட்ட மண், மழையில் தண்ணீர் குடிக்கும், வெயிலில் விட்டுவிடும். அப்படி விடுவதற்கு எங்கே தடை இருக்கிறதோ அங்கே பாசி வரும். தடையை விட்டுவிட்டுப் பாசியை மட்டும் எடுத்தால் அடுத்த ஆடிக்குள் திரும்பி வந்து நிற்கும்.

ஆகவே கூரையை முதலில் கீழே நின்று பார். எந்தச் சரிவில் பாசி அடர்த்தி? எந்த மரத்தின் நிழல் அங்கே விழுகிறது? இரண்டு சரிவு சேரும் கூடுவாயில் சருகு அடைந்திருக்கிறதா? மேல்கூரையின் தண்ணீர் கீழ்க்கூரையில் ஒரே இடத்தில் கொட்டுகிறதா? மழைவிட்ட மறுநாள் பகல் பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். மற்ற ஓடெல்லாம் வெளுத்திருக்க, காயாமல் கறுத்து நிற்கும் இடம்தான் நோய்.

வடக்குச் சரிவில்தான் பாசி வரும் என்று படித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. ஆண்டு முழுக்க உச்சிச் சூரியன் தெற்கிலேயே நிற்கிற இங்கிலாந்துக்கு அது பொருந்தும். நாம் இருப்பது எட்டாவது பாகையில். சித்திரையிலிருந்து ஆவணி நடு வரைக்கும் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே சாய்ந்துவிடும். ஐப்பசி மழையும் மார்கழிப் பனியும் வருகிற காலத்தில் வடக்குச் சரிவுக்கு வெயில் குறைவு என்பது நிஜம். ஆனால் ஒரு பலாமரமோ புளியமரமோ பக்கத்தில் நின்றால் திசைக் கணக்கெல்லாம் மாறிப்போகும். மரத்தைப் பார்த்துப் பேசு.

சரிவின் சாய்மானத்தையும் பார். பத்மநாபபுரம் அரண்மனைக் கூரைகளைப் போய்ப் பார்த்துவிட்டு வா. அந்தச் செங்குத்துச் சரிவில் தண்ணீர் நிற்க இடமில்லை. இப்போது பலர் கான்கிரீட் சரிவுக்கு மேல் அழகுக்காக ஓடு ஒட்டுகிறார்கள். பட்டியலில், அதாவது ஓடு தாங்கும் குறுக்குச் சட்டத்தில், அடுக்கிய ஓட்டுக்குக் கீழேயும் காற்று உண்டு, இரண்டு பக்கமும் காயும். ஒட்டிய ஓட்டுக்கு மேல்பக்கம் மட்டுந்தான், அதனால் பாசி சீக்கிரம் பிடிக்கும். வீடு கட்டுகிறவர் யோசனை கேட்டால் இதை முன்கூட்டியே சொல்லிவிடு.

3. ஒரு ஓட்டைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்.

1865-ல் பாசல் மிஷன் என்ற கிறித்தவ சபைக்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். பிறகு கோழிக்கோடு, திருச்சூர், கொல்லம் என்று பல ஊர்களில் சூளைகள் வந்தன. பழைய வீட்டு ஓடுகளைத் திருப்பிப் பார்த்தால் தொழிற்சாலையின் பெயர் அச்சாகியிருக்கும். நன்றாக வெந்த ஓடு விரல் மொட்டால் தட்டினால் கணீர் என்று பேசும். மொத்தென்று சத்தம் வந்தால் ஓடு ஊறிவிட்டது, அல்லது உள்ளே வெடிப்பு இருக்கிறது. அப்படிப்பட்ட ஓட்டைக் கழுவுவதில் பயனில்லை, மாற்று. நல்ல ஓடு எண்பது வயதானாலும் தூக்கி எறியாதே.

4. எது கேடு, எது வெறும் நிறம் என்று பிரித்துச் சொல்.

கறுப்புக் கோடும் செங்காவியும் ஓட்டுக்கு ஒன்றும் செய்யாது. கண்ணுக்குப் பிடிக்கவில்லை என்றால் கழுவலாம், பிடித்தால் விடலாம். இதைச் சொன்னால் கூலி போய்விடுமே என்று நினைக்காதே. பயமுறுத்தி வாங்கும் வேலை எனக்கு ஆகாது, உனக்கும் ஆகக்கூடாது.

குளிர்நாடுகளில் பாசி குடித்த நீர் ஓட்டுக்குள் உறைந்து ஓட்டைப் பிளக்கும். நீலகிரியில் உறைபனி விழும் இடங்களில் அந்தக் கவலை நியாயமானது, நமக்கு அது இல்லை. நமக்குள்ள ஆபத்து வேறு. ஓட்டின்மேல் ஓடு ஏறும் பொருத்தில் பாசித்திட்டு வளர்ந்தால், இறங்க வேண்டிய தண்ணீர் தடுக்கப்பட்டு மேல்நோக்கிப் பின்வாங்கும். அந்தத் தண்ணீர் பட்டியலை நனைக்கும். நனைந்த மரத்துக்குக் கரையான் வரும். பாசியில் தங்கும் மண்ணில் பறவை எச்சத்து ஆல்விதை, அரசவிதை முளைக்கும். விரல் நீளம் இருக்கும்போதே பிடுங்கிவிடு. அதற்கு மேல் விட்டால் வேர் பொருத்துக்குள் நுழைந்து ஓட்டைத் தூக்கும்.

5. மாசியில் ஏறு.

ரப்பர் மரம் தையில் இலை கொட்டும். கொட்டி முடிந்தபின் ஏறினால் ஒரே ஏற்றத்தில் சருகும் பாசியும் போகும். ரப்பர்ச் சருகில் பெருகும் கறுத்த வண்டுகள் கோடைமழைக்குப் பிறகு கூட்டம் கூட்டமாக ஓட்டுக்குள் புகுந்து வீட்டுக்காரர்களைப் பாடாய்ப் படுத்தும். சருகை முன்னாலேயே வாரிவிட்டால் அந்தத் தொல்லையும் கொஞ்சம் குறையும்.

6. உயிரோடு இறங்கு.

இதில் ஒரு வரியையும் விடாதே. பனி காய்ந்தபின், ஒன்பது மணிக்கு மேல்தான் ஏற வேண்டும். ஈரப்பாசியில் எந்தக் காலும் நிற்காது, வெறுங்காலும் சரி, ரப்பர்ச் செருப்பும் சரி. ஏறுவதற்கு முன் வீட்டுக்குள் போய், டார்ச் அடித்துக் கழுக்கோலையும் (மோட்டிலிருந்து சாய்ந்து இறங்கும் சட்டம்) பட்டியலையும் அடியிலிருந்து பார். இற்றுப்போன இடங்களைச் சுண்ணாம்புக்கட்டியால் குறித்துக்கொள், அதற்கு மேல் கால் வைக்காதே. ஏணியை நாலடி உயரத்துக்கு ஓரடி வெளியே தள்ளிச் சாய்த்து, தலைப்பைக் கட்டு. மோட்டில் கொக்கி மாட்டும் பலகை ஏணி இருந்தால் அதில் நின்றே வேலை செய். ஓட்டில் கால் வைத்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு ஓடு ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் வை, அதற்குக் கீழேதான் பட்டியல் இருக்கிறது. இடுப்புக் கயிறு மோட்டைத் தாண்டி மறுபக்கத்து மரத்தில் கட்டியிருக்க வேண்டும். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் மின்கம்பி கைக்கெட்டும் தூரத்தில் போனால், மின்வாரியத்திடம் சொல்லி இணைப்பை நிறுத்தும்வரை ஏறவே வேண்டாம். தனியாக ஏறாதே. கீழே ஒருவர் நிற்கட்டும்.

பாசி வழித்த கூலிக்காக முதுகெலும்பு முறிந்து படுத்தவர்களை நான் போய்ப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

7. கையால் எடு.

மூங்கில் பத்தையும் தென்னைநார்ப் பிரஷும் போதும். கம்பிப் பிரஷ் ஓட்டின் மேல்தோலைக் கீறும். கீறிய ஓடு இன்னும் அதிகம் தண்ணீர் குடிக்கும், அடுத்த பாசிக்கு அதுவே பிடிமானம். மோட்டில் தொடங்கிக் கீழ்நோக்கி மட்டுமே தேய், மேல்நோக்கித் தேய்த்தால் மண் பொருத்துக்குள் போகும். வழித்ததைச் சாக்கில் அள்ளு, கூரை ஓரத்துத் தண்ணீர்ப் பாத்தியில் விழவிடாதே. ஒரு கைப்பிடி பாசி போதும், தண்ணீர் இறங்கும் குழாய் அடைத்துக்கொள்ளும். சாக்கில் சேர்ந்ததைத் தென்னைமூட்டில் போடு.

8. அழுத்தத் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரத்தை ஓட்டுக்குக் கொண்டுபோகாதே.

வேலை சீக்கிரம் முடியும், மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர் பொருத்துக்குள் ஏறி வீட்டுக்குள் கொட்டும், பழைய ஓட்டின் தோல் உரியும்.

9. ஆஸ்பெஸ்டாஸ் சீட்டைத் தேய்க்காதே.

மாட்டுத்தொழுவம், பின்கட்டு, கடை என்று பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரைகள் இன்னும் நிறைய இருக்கின்றன. அவற்றிலும் பாசி கறுத்துப் படியும். வீட்டுக்காரர், "இதையும் அப்படியே தேய்ச்சு விட்ருங்க தம்பி" என்பார். முடியாது என்று சொல். தேய்த்தாலும் பீய்ச்சினாலும் சிமென்டில் கட்டுண்ட இழைகள் விடுபட்டுக் காற்றில் வரும். அந்த இழை நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது, பல்லாண்டு கழித்துப் புற்றுநோயாக எழலாம். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார அமைப்பு சொல்கிறது. உடையாத சீட்டு பாசியோடு கிடக்கட்டும். உடைந்தால் நனைத்து, துண்டாக்காமல் முழுசாகக் கழற்ற ஏற்பாடு செய்யச் சொல்.

10. மருந்து.

பாசியை வழித்தபின் எஞ்சிய பச்சைக்குத்தான் மருந்து. திட்டுத் திட்டாக இருக்கும்போது அடித்தால் மேல்தோல் கருகும், அடியில் இருப்பது பிழைத்துக்கொள்ளும்.

பிளீச்சிங் பவுடர் கொல்லும், சந்தேகமில்லை. கூடவே ஆணியைத் துருப்பிடிக்க வைக்கும், கூரைக்குக் கீழே நிற்கும் கறிவேப்பிலையையும் செம்பருத்தியையும் கருக்கும். அடிப்பதற்கு முன்னும் பின்னும் செடிகளுக்கு நல்ல தண்ணீர் ஊற்று. கழிப்பறை கழுவும் ஆசிட்டோடு அதை ஒருபோதும் கலக்காதே. கலந்தால் எழும் குளோரின் வாயு ஆளைச் சாய்த்துவிடும்.

2003-லிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். கூரைத் தண்ணீர் கிணற்றுக்கோ தொட்டிக்கோதான் போகிறது. மருந்தைத் தொடுவதற்கு முன் அந்தக் குழாயைக் கழற்றி வெளியே திருப்பிவிடு. பிறகு வரும் முதல் இரண்டு மூன்று மழையும் வெளியே ஓடட்டும். இதை மறந்தால் நீ அடித்த மருந்தை அந்த வீட்டுக் குழந்தைகள் குடிப்பார்கள்.

துருசு, அதாவது மயில்துத்தம், நம் தோட்டக்காரர்களுக்குத் தெரிந்த சரக்கு. கமுகுக்கு அடிக்கும் போர்டோ கலவையில் நூறு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ துருசும் ஒரு கிலோ சுண்ணாம்பும் சேரும். செம்பு பாசியை வளரவிடாது. இடிதாங்கியின் செம்புப்பட்டை இறங்கும் தடத்துக்குக் கீழே கூரை சுத்தமாக இருப்பதைப் பார்த்திருப்பாய். இதே காரணத்தால்தான் வெளிநாடுகளில் மோட்டை ஒட்டிச் செம்புத் தகடோ துத்தநாகத் தகடோ பதிக்கிறார்கள். மழை அதைத் துளித்துளியாகக் கரைத்து இறக்கும். தகட்டுக்குக் கீழே சில அடிகளுக்குத்தான் பலன். ஆனால் செம்பு மீனைக் கொல்லும். தண்ணீர் குளத்துக்கோ குடிநீர்த் தொட்டிக்கோ போகும் கூரையில் துருசு வேண்டவே வேண்டாம்.

11. மொட்டைமாடியில் பாசி என்றால் வாட்டம் சரியில்லை என்று பொருள்.

தண்ணீர் தேங்கும் குழியைக் கண்டுபிடித்து வாட்டத்தைச் சரிசெய். பிறகு தேய்த்துக் கழுவி, காய்ந்தபின் சுண்ணாம்பு அடி. சுண்ணாம்பின் காரத்தில் பாசி நிற்காது. படிக்கட்டைத்தான் முதலில் கழுவு, வயதானவர்கள் வழுக்கி விழுவது அங்கேதான்.

12. வீட்டுக்காரருக்கு மூன்று காரியம் சொல்லிவிட்டு வா.

கூரைமேல் சாயும் கிளையை வெட்டச் சொல், மரத்தையே வெட்டச் சொல்லாதே. கூடுவாயையும் பாத்தியையும் ஒவ்வொரு மழைக்கு முன்னும் சுத்தம் பண்ணச் சொல். வழிக்காமல் பெயின்ட் அடிக்க வேண்டாம் என்று சொல், பாசிமேல் அடித்த பெயின்ட் அதோடு சேர்ந்தே உரியும். அடுத்த மாசியில் அந்தப் பக்கம் போகும்போது நீயாகவே ஒரு எட்டு நின்று அந்தக் கூரையைப் பார்த்துவிட்டு வா. அந்தப் பார்வைக்குக் கூலி வாங்காதே.