கட்டங்களுக்குள் எழுதியிருப்பது என்ன?

பத்தமடைப் பாயை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தாமிரபரணிப் பாசனத்தில் விளையும் கோரையை ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்து நெய்வது அது. அங்கே பாய் நெய்யும் ஓர் அம்மாவுக்கு வெளியூரிலிருந்து ஒருவர் போன் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"அஞ்சு பாய் வேணும்மா. முன்பணம் ரெண்டாயிரம் அனுப்புறேன். வாட்ஸ்அப்பில் ஒரு கியூ.ஆர். கோடு வரும். அதை ஸ்கேன் பண்ணி பின் நம்பரைப் போடுங்க, பணம் உங்க கணக்கில் ஏறிடும்."

அவரும் அப்படியே செய்கிறார். பணம் ஏறவில்லை, இருந்த இரண்டாயிரம் இறங்கிவிட்டது! இது நாம் அமைத்துக்கொண்ட உதாரணம்தான். ஆனால் இதே முறையில் பணம் இழந்தவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். நன்கு படித்தவர்களும் அவர்களில் உண்டு.

என்ன நடந்தது? 1994-இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா என்ற பொறியாளர் குழுவினர் கியூ.ஆர். கோடை உருவாக்கினார்கள். மோட்டார் வாகன உதிரிபாகங்களை அடையாளம் காண்பதே அதன் முதல் வேலை. கறுப்புக் கட்டம் 1, வெள்ளைக் கட்டம் 0 என்று கொள்ளலாம். மிகச் சிறிய கோடில் 21 × 21, அதாவது 441 கட்டங்கள். மிகப் பெரியதில் 177 × 177. மூன்று மூலைகளில் உள்ள பெரிய சதுரங்கள் எது மேல், எது கீழ் என்பதைக் கேமராவுக்குக் காட்டுகின்றன. ஆக, அது ஒரு சீட்டு, அவ்வளவுதான். கடைகளில் ஒட்டியிருக்கும் சீட்டில் எழுதியிருப்பது, 'இந்த முகவரிக்குப் பணம் செலுத்து' என்பது. சிலவற்றில் தொகையும் இருக்கும். அதை ஸ்கேன் செய்பவர் பணம் கொடுப்பவர். பாளையங்கோட்டை டீக்கடையில் ஸ்கேன் செய்வது நாமா, கடைக்காரரா என்று யோசித்துப் பாருங்கள், விளங்கிவிடும்.

சரி, திருடன் அந்த அம்மாவின் பின் நம்பரைத் தானே ஊகித்துவிடக் கூடாதா? நான்கு இலக்கம் என்றால் 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள். பத்து விநாடிக்கு ஒன்றாகப் போட்டுப் பார்த்தாலும் 28 மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். ஆனால் சில முறை தவறினாலே வங்கி தடுத்துவிடும். மூன்று வாய்ப்பில் ஊகிப்பதற்கான நிகழ்தகவு 10,000-இல் 3. (1234 என்றோ, பிறந்த ஆண்டையோ வைத்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது!) மேலும், 2016-இல் வந்த யு.பி.ஐ. முறையில், கணக்கு அவருடைய கைபேசியோடும் சிம்மோடும் பிணைக்கப்பட்டிருக்கிறது. எண் தெரிந்தாலும் போன் வேண்டும். ஆகவேதான் திருடன் கணிதத்தோடு மல்லுக்கட்டுவதில்லை. அந்த அம்மாவின் விரலாலேயே எண்ணை அழுத்த வைக்கிறான்.

பொதுவாக, கணக்கிலிருந்து பணம் வெளியே போகும்போதும், இருப்பைப் பார்க்கும்போதும் பின் நம்பர் கேட்கப்படும். பணம் வந்து சேர அது தேவையே இல்லை. எண்ணை அழுத்துவதற்கு முன் திரையில் யார் பெயர், எவ்வளவு தொகை என்று வரும். கடை ஸ்டிக்கரின்மேல் வேறு ஸ்டிக்கரை ஒட்டிவிடுகிறவர்களும் உண்டு. அந்தப் பெயர்தான் அவர்களைக் காட்டிக்கொடுக்கும்.

பல வீடுகளில் இந்தச் செயலிகளைப் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் போட்டுக் கொடுப்பது நீங்கள்தானே? போட்டுக் கொடுக்கும்போதே இதையும் சொல்லிவிடுங்கள். ஏமாந்துவிட்டால் அவர்களைத் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்து ஒரு நாள் மறைத்தால், பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவி எடுக்கப்பட்டுவிடும். விளையாட்டுச் செயலியில் நீங்களே பணத்தை விட்டிருந்தாலும் இதேதான். அடிவிழும் என்று காத்திருக்கக் கூடாது. 1930 என்ற எண்ணுக்கு உடனே பேசினால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்புண்டு. திருநெல்வேலியில் சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். பேசும்போது பணம் போன நேரம், தொகை, வங்கியின் பெயர், செயலியில் தெரியும் 12 இலக்கப் பரிமாற்ற எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பின் நம்பரை அங்கேயும் சொல்ல வேண்டியதில்லை.