தெரிந்த செய்தியும் ஓர் அமானிதம்



உதவித்தொகை, தொழிற்பயிற்சி, மருத்துவ முகாம், போட்டித் தேர்வு என்று பல அறிவிப்புகள் நம் கைக்கு வந்து சேர்கின்றன. நமக்குத் தேவையானதை எடுத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுகிறோம். அப்படி மறந்துவிடுவது சரியா? நமக்குத் தெரிந்த ஒரு நல்ல செய்தியில் பக்கத்து வீட்டுக்காரருக்கு உரிமை உண்டா? இந்த மாதப் பாடம் இதைப் பற்றியது.

என்னிடமிருந்தே தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மகன் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வுக்கு விண்ணப்பித்தோம். எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவரின் மகளும் வேறொரு பள்ளியில் அதே எட்டாம் வகுப்பு. என் மகனைவிட நன்றாகக் கணக்குப் போடும் பிள்ளை. அம்மை போட்டு இரண்டு வாரம் பள்ளிக்குப் போகாமல் இருந்தாள். அந்த இரண்டு வாரத்துக்குள் விண்ணப்பத் தேதி முடிந்துவிட்டது. அந்த நாட்களிலும் நான் தினமும் அந்த வண்டியைக் கடந்துதான் அஸர் தொழுகைக்குப் போனேன். சட்டைகளைக் கொடுத்தேன், வாங்கினேன். பிள்ளைக்கு உடம்பு எப்படி என்றும் கேட்டேன். தேர்வைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்ற எண்ணமில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

பிறகு விஷயம் தெரிந்து அந்தப் பெண்ணின் தாய் கேட்டார்: "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே ஸ்கூலுக்கு ஓடிப் போயிருப்பேனே, பாய்."

அந்தத் தேர்வை எட்டாம் வகுப்பில் மட்டுமே எழுத முடியும். தேர்ச்சி பெற்றுத் தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்கு ஆண்டுக்கு 48,000 ரூபாய். அவள் எழுதியிருந்தால் நிச்சயம் கிடைத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எழுதும் வாய்ப்பே போனதில் என் பங்கும் இருக்கிறது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

திருக்குர்ஆனின் 4:36 வசனம் பெற்றோர், உறவினர், அநாதைகள், ஏழைகளுடன் சேர்த்து அண்டை வீட்டாருக்கும் நன்மை செய்யச் சொல்கிறது. அதில் உறவினரான அண்டையர், அந்நியரான அண்டையர், அருகிலிருக்கும் தோழர் என்று மூவரை அது தனித்தனியே குறிப்பிடுகிறது. அண்டையர் என்றால் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவர் மட்டும்தான் என்று சுருக்கிக்கொள்ள இங்கே இடமில்லை. நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, யூதரான நம் அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டதாகத் திர்மிதியில் பதிவாகியுள்ளது.

இறைச்சி சரி, செய்தி எப்படி அதில் சேரும்? ஸஹீஹ் முஸ்லிமில் அபூமஸ்ஊத் அல்அன்ஸாரி (ரலி) அறிவிக்கும் நிகழ்ச்சியைப் பாருங்கள். வாகனப் பிராணியை இழந்த ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து வேறொன்று கேட்கிறார். தம்மிடம் இல்லை என்கிறார்கள் நபியவர்கள். அங்கிருந்த இன்னொருவர், கொடுக்கக்கூடிய ஒருவரை நான் இவருக்குக் காட்டுகிறேன் என்கிறார். அப்போதுதான், நன்மைக்கு வழிகாட்டுபவருக்கு அதைச் செய்தவரைப் போன்ற கூலி உண்டு என்ற கருத்தை நபியவர்கள் சொன்னார்கள். வழிகாட்டியவர் தன் கையிலிருந்து எதையும் கொடுக்கவில்லை. யாரிடம் கிடைக்கும் என்ற தகவலைத்தான் கொடுத்தார்.

அல்மாஊன் அத்தியாயத்தின் கடைசி வசனம், அற்பப் பொருளைக்கூடக் கொடுக்க மறுப்பவர்களைக் கண்டிக்கிறது. நபியவர்களின் காலத்தில் வாளி, சமையல் பாத்திரம் போன்றவற்றை இரவல் கொடுப்பதையே மாஊன் என்று கருதினோம் என இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் சொன்னதாக அபூதாவூதில் வருகிறது. கொடுத்தாலும் நம்மிடம் குறையாத பொருள்கள் அவை. இன்று செய்தியும் அப்படித்தான். சொன்னால் நமக்கு எதுவும் குறைவதில்லை. சொல்லாவிட்டால் ஒரு பிள்ளைக்கு நான்காண்டு உதவி போகலாம்.

நம் திருவல்லிக்கேணி

இந்தப் பாடத்தை வாழ்ந்து பார்க்க நம் பகுதியைவிடப் பொருத்தமான இடம் எது? பார்த்தசாரதி கோயிலும் வாலாஜா பெரிய பள்ளிவாசலும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. தமிழும் உருதும் ஒரே தேநீர்க் கடையில் கேட்கின்றன. வெளியூரிலிருந்து வேலை தேடியும் போட்டித் தேர்வுக்குப் படிக்கவும் வந்தவர்கள் மேன்ஷன் அறைகளில் தங்கியிருக்கிறார்கள். அருகிலிருக்கும் தோழர் என்று 4:36 வசனம் சொல்வதற்கு, பக்கத்து அறைக்காரரும் பயணத் துணைவரும் நல்ல உதாரணங்கள்.

1795-இல் கட்டப்பட்ட பெரிய பள்ளிவாசலின் கல்வெட்டைப் பார்த்திருப்பீர்கள். அதிலுள்ள பாரசீக ஆண்டுக்குறிப்புக் கவிதையை இயற்றியவர் நவாபிடம் பணிபுரிந்த ராஜா மக்கன்லால் என்ற இந்து அறிஞர். அதே பள்ளிவாசலில் ரமளான் மாதத்தில் நோன்பு திறக்கப் பரிமாறுபவர்களில், மயிலாப்பூரிலுள்ள சூஃபிதார் அமைப்பின் தொண்டர்களும் இருக்கிறார்கள். பிரிவினையின்போது சிந்துவிலிருந்து வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கிய இந்தப் பணி முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவருகிறது. நாம் பெறும் அண்டை உபகாரம் இவ்வளவு இருக்கும்போது, நாம் கொடுப்பது நம் வாட்ஸ்அப் குழுவோடு நின்றுவிடலாமா?

காதிபிடம் கற்க வேண்டியது

செய்தியைச் சொல்வதற்கும் ஒழுங்கு உண்டு. அதையும் நம் தெருவிலேயே கற்கலாம். 1927-இல் தொடங்கப்பட்ட 'தி முசல்மான்' உருது நாளிதழ், பெரிய பள்ளிவாசலுக்கு அருகிலுள்ள சிறிய அலுவலகத்திலிருந்து கையால் எழுதியே வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. காதிப் எனப்படும் எழுத்தணிக் கலைஞர்கள் பேனாவும் மையும் கொண்டு நான்கு பக்கங்களை எழுதி முடித்த பிறகே அவை அச்சுக்குப் போகும். ஒரு பக்கம் எழுத ஏறத்தாழ மூன்று மணி நேரம். இந்தக் கலைஞர்களில் பெண்களும் இருந்தார்கள். கடைசி நேரத்தில் வரும் முக்கியச் செய்திக்காக முதல் பக்கத்தில் ஒரு மூலையை வெறுமையாக விட்டுவைப்பார்கள்.

இதில் இரண்டு பாடங்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று மணி நேரம் உட்காருபவர் என்ன எழுதுகிறோம் என்று யோசிக்காமல் எழுத மாட்டார். நாம் ஒரு விரல் அசைவில் அனுப்பிவிடுகிறோம். செய்தி வந்தால் தெளிவாக விசாரியுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடும் என்பது 49:6 வசனத்தின் எச்சரிக்கை. கேட்டதையெல்லாம் பேசுவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்ற கருத்திலும் ஹதீஸ் உண்டு. பொய்யான உதவித்தொகைச் செய்தியை நம்பி ஒரு விதவைத் தாய் அரைநாள் கூலியை விட்டுவிட்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தால், அனுப்பியவருக்கும் அதில் பொறுப்பு உண்டு.

இரண்டாவது, அந்த வெறும் மூலை. நம் நாளிலும் பிறருக்காக அப்படி ஓர் இடம் விட்டுவைக்க வேண்டும். அஸருக்குப் போகும் வழியில் இஸ்திரி வண்டியருகே இரண்டு நிமிடம் போதும்.

யாருக்கு எதைச் சொல்லலாம்?

எட்டாம் வகுப்புப் பிள்ளை அரசு அல்லது அரசு உதவிபெறும் பள்ளியில் படித்து, பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மிகாமல் இருந்தால், மேலே சொன்ன தேர்வைப் பற்றிச் சொல்லுங்கள். எந்தச் சமுதாயத்தவரும் எழுதலாம்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேரும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டமும், ஆணுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களும் இதில் வருகிறார்கள். இவற்றுக்கும் மதம், சாதி வரம்பில்லை.

நம் பிள்ளைகளுக்கு, 2007-இல் வந்த 3.5 சதவீத உள்ஒதுக்கீட்டைப் பெறப் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் என்ற சாதிச் சான்றிதழ் தேவை. சேர்க்கை நேரத்தில் ஓடாமல், விடுமுறையிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். பள்ளிப் பதிவேடு, ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தகுதி இருந்தும் பணம் வராமல் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தொழில் செய்ய நினைப்பவர்களுக்கும் கைவினைஞர்களுக்கும் தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகமான டாம்கோ கடன் வழங்குகிறது. அதற்கு வட்டி உண்டு என்பதால் மார்க்கத் தெளிவு வேண்டுவோர் ஆலிம்களிடம் கேட்டு முடிவெடுக்கவும். ஆதரவற்ற பெண்களுக்கு மாவட்ட அளவில் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் இருக்கிறது.

விதிகளும் தேதிகளும் ஆண்டுதோறும் மாறலாம். சொல்வதற்கு முன் பள்ளித் தலைமையாசிரியரிடமோ, மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்திலோ உறுதி செய்துகொள்ளுங்கள். முன்பணம் கட்டச் சொல்லும், ஓடிபி எண்ணைக் கேட்கும் எந்தச் செய்தியையும் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

வீட்டில் கலந்து பேச

1. நம் வீட்டின் இரு பக்கமும், மேலும் கீழும் யார் இருக்கிறார்கள்? அவர்கள் பிள்ளைகள் எந்த வகுப்பில் படிக்கிறார்கள் என்று நமக்குத் தெரியுமா?

2. சென்ற மாதம் நமக்குத் தெரியவந்த நல்ல செய்திகளில் எதை, நம் மார்க்கத்தைச் சேராத ஓர் அண்டையரிடம் சொன்னோம்?

3. கடைசியாக நாம் அனுப்பிய ஒரு செய்தியை, அனுப்புவதற்கு முன் யாரிடம் விசாரித்தோம்?

4. படிக்கத் தெரியாத, கைப்பேசி இல்லாத ஒருவருக்கு இந்த இதழின் செய்திகளை வாசித்துச் சொல்ல நம் வீட்டில் யார் பொறுப்பேற்பது?

அந்தப் பெண் பிள்ளை இப்போது மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் அவளுக்குச் சொல்ல வேண்டியதை நான் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறேன். தவறிய தேர்வுக்கு அது ஈடாகாது என்று தெரியும். அடுத்த முறை தவறாமல் இருக்க வேண்டும்.

தெரிந்த நன்மையை மறைக்காமலும், தெரியாததைப் பரப்பாமலும், அண்டையரின் உரிமையை நிறைவேற்றுபவர்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.