மாமியாரோடு கப்பல் பயணம்

கேள்வி: மாமியாருக்கு 70 வயது. கப்பல் சுற்றுலா அவருக்கு ஒத்துவருமா? பணிவிடை எப்படி இருக்கும்?
– ஒரு வாசகி, மல்காஜ்கிரி, ஹைதராபாத்

பதில்: தாராளமாக அழைத்துப் போங்கள். பெட்டியை ஒருமுறை பிரித்தால் போதும். ஊர்தான் மாறும், அறை மாறாது. செகந்திராபாத்தில் இரவு ரயில் ஏறினால் காலையில் விசாகப்பட்டினம். கோர்டீலியா நிறுவனத்தின் சுற்றுலாக் கப்பல் ‘எம்ப்ரஸ்’ 2022 ஜூனில் சென்னையிலிருந்து அங்கே வந்தது. அடுத்த ஜூனில் இலங்கைக்கும் போனது. 1990-ல் பயணம் தொடங்கிய கப்பல், அறைகள் சிறியவை. இப்போதைய அட்டவணையைப் பார்த்துவிட்டு, கீழ்த்தளத்தில் கப்பலின் நடுப்பகுதி அறையாகக் கேளுங்கள், ஆட்டம் குறைவு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடல் புயல் காலம், வேண்டாம்.

பணிவிடையைப் பற்றி எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. நான் போன கப்பல்களில் அறை துடைத்த பையன்கள் பலர் மாதக்கணக்கில் வீடு பார்க்காதவர்கள். 2006-ம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையே ஒரு நாளில் 14 மணி நேரம் வரை வேலை வாங்க இடம் தருகிறது. காபி தாமதமானால் அவர்கள்மேல் எரிந்து விழாதீர்கள். பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு, இறங்கும்போது கருத்துப் படிவத்தில் மறக்காமல் எழுதிக் கொடுங்கள்.