கோழிக்குப் புழு வளர்க்கலாம், முகம் சுளிக்காதே!

தீவன மூட்டை விலை ஏறிக்கிட்டே போகுதுன்னு போன்ல புலம்பினியே தங்கச்சி, அதுக்குத்தான் இது. காட்டூர்ல உன் வீட்டுக் கொல்லையில கொஞ்சம் நிழல் இருக்கு, நாட்டுக்கோழி இருக்கு, தினமும் காய்கறிக் கழிவும் விழுது. இது போதும். தீவனத்துல காசைத் தின்கிறது மீன் தூளும் சோயாப் புண்ணாக்கும்தான், அதாவது புரதம். அதைப் பூச்சிகிட்ட இருந்து வாங்கிக்கலாம்.

குஞ்சு பொரிச்சிருந்தா கரையான் பானையில இருந்து ஆரம்பி, பத்து பைசா செலவில்லை. பழைய பானையில கிழிஞ்ச கோணி, காய்ஞ்ச வரட்டி, இத்துப்போன ஓலை, மட்டை எல்லாத்தையும் திணிச்சு, தண்ணி தெளிச்சு, சாயங்காலம் மண் தரையில கவுத்து வை. விடிஞ்சதும் தூக்கினா கரையான் மொய்ச்சிருக்கும். குஞ்சுங்க முன்னாடி உதறு, நிமிஷத்துல காலி. ஒரு பானை 30, 40 குஞ்சுக்குக் காணும். செம்மண்ணா இருந்தா சீக்கிரம் ஏறும். வீட்டு நிலைக்கதவு பக்கம் மட்டும் வெச்சுடாதே.

பெரிய கோழிக்கும் தொட்டி மீனுக்கும் பி.எஸ்.எஃப். புழு. கறுப்புச் சிப்பாய் ஈன்னும் சொல்றாங்க. ஈ பார்க்கக் குளவி மாதிரிக் கறுப்பா, நீளமா இருக்கும். ஆனா கொட்டாது, கடிக்காது. பறக்கிற பருவத்துல அது இரையே தேடாது, அதனால வீட்டு ஈ மாதிரிக் குழம்புச் சட்டியில வந்து உட்காராது. ஜோடி சேர்ந்து, நூத்துக்கணக்குல முட்டை வெச்சுட்டு, கொஞ்ச நாள்ல செத்துப்போகும். பக்கத்து வீட்டம்மா துடைப்பத்தோட வர்றதுக்கு முன்னாடியே இதைச் சொல்லி வெச்சிடு.

முட்டை விலைக்கும் கிடைக்குது, ஆனா இந்த ஈ நம்ம பக்கம் தானாவே திரியுது. மூடி போட்ட பழைய பிளாஸ்டிக் டப்புல பக்கவாட்டுல ஓட்டை போடு. உள்ளே வாழைப்பழத் தோலும் ஊறின தவிடும் போட்டு, அதுக்கு மேல ஈரம் படாம அட்டைப்பெட்டித் துண்டு ரெண்டைத் தொங்கவிடு. அட்டை ஓரத்துல தெரியுமே வரிவரியான சந்து, அதுக்குள்ள வெளிர் மஞ்சளா, கசகசாவைவிடப் பொடியா, கொத்தா முட்டை ஒட்டியிருக்கும். 4 நாள்ல பொரிக்கும். அப்புறம் ரெண்டு வாரம் ஓயாத தீனிதான்.

ஈரம்தான் இதுல பெரிய வில்லன். தீனியைக் கையில அள்ளிப் பிழிஞ்சா ஒண்ணு ரெண்டு சொட்டு வரலாம். ஒழுகினா நாத்தமும் வீட்டு ஈயும் சேர்ந்தே வரும். உடனே தேங்காய் நார்த்தூளோ உமியோ கலந்து கிளறிவிடு. காந்தி மார்க்கெட்ல கழிவு சும்மா கிடைக்குதேன்னு மூட்டையா அள்ளிட்டு வராதே. அன்னன்னிக்குத் தின்னு தீர்க்கிற அளவு போட்டாப் போதும்.

டப்பை வைக்கிற ஸ்டாண்டுக்கு நாலு காலுலயும் தண்ணிக் கிண்ணம் வை. திருவெறும்பூர்ல தேவர்களே எறும்பா வந்து கும்பிட்டாங்களாம், அந்த ஊருக்குப் பக்கத்துல இருந்துகிட்டு எறும்பை மறக்கலாமா? முட்டையையும் குட்டிப் புழுவையும் ஒண்ணு விடாம தூக்கிட்டுப் போயிடும். அக்னி நட்சத்திரத்துல திருச்சி வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது டப்பு வேப்பமரத்தடியில இருக்கட்டும். கறுக்கிறதுக்கு முன்னாடியே புழு வெளியே ஊர்ந்து வந்தா, உள்ளே சூடோ ஈரமோ கூடிப்போச்சுன்னு அர்த்தம்.

முத்தின புழு கறுத்து, தின்கிறதை நிறுத்திட்டு, காய்ஞ்ச இடம் தேடி மேலே ஏறும். டப்புக்குள்ள ஒரு சாய்வுப் பலகை வெச்சு, அது முடியற இடத்துல வெளியே ஒரு வாளி வெச்சா தானா வந்து விழும். கொஞ்சத்தை ஈயாக விட்டுட்டாத்தான் அடுத்த முட்டை கிடைக்கும். கோழிக்கு வெளுப்பா இருக்கும்போதே அள்ளிப் போடு, தோல் மெத்துன்னு இருக்கும். எடுத்து வைக்கணும்னா கொதிக்கிற தண்ணியில போட்டெடுத்து, தகரத்துல மொறுமொறுன்னு காய வை. காய்ஞ்ச புழுவுல சுமார் 40 சதவீதம் புரதம் இருக்கு, கொழுப்பும் 30 சதவீதம் வரைக்கும் இருக்கு. அதனால ஆசைப்பட்டு அள்ளிக் கொட்டாதே. கொழுப்பு ஏறின கோழி முட்டையைக் குறைச்சுடும். பத்துப் பங்கு தீனியில ஒரு பங்கு புழு, மத்தது தானியமும் கீரையும். தொட்டி மீனுக்கும் ஒரு சிட்டிகை போட்டுப் பாரு, மிச்சம் மிதந்தா நாளைக்குக் குறை.

ஐரோப்பாவுல பூச்சிப் புரதத்தை மீன் தீவனத்துல சேர்க்க 2017-லயும், கோழி, பன்றித் தீவனத்துல சேர்க்க 2021-லயும் அனுமதிச்சாங்க. சாணத்துலயும் எச்சில் சாப்பாட்டுலயும் வளர்த்த புழு மட்டும் அங்கே கூடாது. முட்டையை நம்ம பிள்ளைங்கதானே சாப்பிடுது, நீயும் காய்கறித் தோல், பழம், தவிடோட நிறுத்திக்கோ. மாசம் லட்சம் வருமானம்னு வீடியோ போடறவங்க பேச்சைக் கேட்டு ஷெட் கட்டாதே. வாங்க ஆள் யாருன்னு தெரியாம விக்கிற சரக்கு இல்லை இது, தீவனச் செலவு குறைஞ்சாலே லாபம்.

டப்புல மிஞ்சற கழிவைச் சில வாரம் மக்க விட்டு முருங்கைக்குப் போடு. கோழி புழு தின்னுதுன்னு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியைத் தள்ளிப் போடாதே.