வலிப்பு மருந்தோடு காசநோய் மருந்து

கேள்வி: எப்டாயின் மாத்திரையால் பல ஆண்டுகளாக வலிப்பின்றி இருக்கும் தந்தைக்கு இப்போது காசநோய் மருந்தும் தொடங்கியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துத் தரலாமா?
- வாசகர், நெய்வேலி

பதில்: தரலாம், எப்டாயினைத் திடீரென நிறுத்துவது கடும் வலிப்பை வரவழைக்கும், காசநோய் மருந்தை இடையில் விட்டால் கிருமி அம்மருந்துக்கு அடங்காததாகிவிடும் என்பதால், இரண்டையும் நிறுத்தலாகாது. ஆனால், காசநோய் மருந்துகளுள் ஒன்றான ஐசோனியசிட், எப்டாயினிலுள்ள ஃபெனிடோயினைக் கல்லீரல் சிதைக்கும் வேகத்தைக் குறைப்பதால், ஃபெனிடோயின் இரத்தத்தில் தேங்கி, நடை தள்ளாடுதல், நாக் குழறுதல், பொருள் இரண்டாகத் தெரிதல் ஆகியவற்றை உண்டாக்கலாம். மாறாக, உடன் தரப்படும் ரிஃபாம்பிசின் அச்சிதைவை விரைவுபடுத்துவதால், மருந்தளவு தாழ்ந்து வலிப்பு திரும்பலாம்.

எது மேலோங்கும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், ஃபெனிடோயின் அளவு மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராமுக்குள் உள்ளதா என்பதை இரத்தச் சோதனையில் அறிந்து, மருத்துவர் மாத்திரையின் அளவைத் திருத்துவதே முறையாகும். காசநோய்ச் சிகிச்சை முடிந்தபின் அவ்விளைவுகள் நீங்குவதால் மீண்டும் சோதிப்பது அவசியம். வலிப்புக்கு ஒரு சீட்டு, காசநோய்க்கு வேறொரு சீட்டு என்றிருப்பின், இரண்டையும் இரு மருத்துவர்களிடமும் தவறாமல் காட்டுங்கள்.