குறைந்த பரிசும் சிறு பந்தயமும்

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு அவ்வுடன்படிக்கையிற் கொண்ட அளவுகோல் விந்தையானது. கோட்டையினின்று சுடும் பீரங்கிக் குண்டு எத்துணைத் தொலைவு செல்லுமோ அத்துணை நிலமும் கம்பெனியார்க்கு உரியது என்பதே அது. கம்பெனியார் இதற்கென நெடுந்தொலைவு சுடவல்ல பீரங்கியைச் சென்னையிலிருந்து வருவித்துப் பல திசைகளிலும் சுடுவித்தனர். அவ்வெல்லைக்குள் அகப்பட்ட ஊர்கள் ‘குண்டு கிராமங்கள்’ எனப் பெயர் பெற்றன. அக்கோட்டையே பின்னர்ப் புனித டேவிட் கோட்டை எனப் புகழ்பெற்றது. உடன்படிக்கையில் ஒளிவு மறைவு ஒன்றுமில்லை; ஆயினும் அளவுகோல் எவன் கையில் இருந்ததோ அவன் பக்கமே ஆதாயம் சாய்ந்தது. இவ்வுண்மை சூதாட்டத்திற்கும் பொருந்துமாற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருவள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். தருமனும் நளனும் நாடிழந்த வரலாறுகளை நாம் இளமைதொட்டே கேட்டு வந்துள்ளோம். அக்கதைகளில் தோல்விக்குக் காரணமாய் நின்றவை சகுனியின் வஞ்சமும் கலியின் சூழ்ச்சியுமாம். இக்காலத்துச் சூதுமனைக்கோ வஞ்சக் காய் வேண்டுவதில்லை. வெளிப்படையாய் எழுதி வைத்த பரிசு விதியே அதற்குப் போதும். சூதின் அறக்கேட்டைப் பெரியோர் கூறிவிட்டனராதலின், நாம் அதன் கணக்கை மட்டும் ஈண்டு நோக்குவோம்.

முதலில் நம் நாட்டார் அறிந்த லங்கர் கட்டையை எடுத்துக்கொள்வோம். சிதம்பரத்திற்கு ஆனித் திருமஞ்சனம் காண வந்தான் ஒருவன் வழியில் இவ்வாட்டத்திற் சிக்கினான் என்க. ஆறு சின்னங்கள் வரைந்த விரிப்பில் ஒன்றன்மேல் ஒரு ரூபாய் வைக்கிறான். அதே ஆறு சின்னங்கள் பொறித்த மூன்று கட்டைகள் உருளுகின்றன. அவன் சின்னம் ஒரு கட்டையில் வந்தால் ஒரு ரூபாயும், இரண்டில் வந்தால் இரண்டும், மூன்றில் வந்தால் மூன்றும் பரிசு. மூன்று கட்டைகளும் விழக்கூடிய வகைகள் 216. அவற்றுள் அவன் சின்னம் வாராதன 125. ஒருமுறை வருவன 75. இருமுறை வருவன 15. மும்முறை வருவது 1. ஆகவே 216 ஆட்டங்களில் அவன் சராசரியாக இழப்பது 125 ரூபாய். பெறுவது 75, 30, 3 ஆகச் சேர்ந்து 108 ரூபாய். நஷ்டம் 17 ரூபாய்.

இனி, கட்டைக்காரன், “எத்தனை கட்டையில் வந்தாலும் பரிசு ஒரு ரூபாயே” என்று விதியை மாற்றினானாயின் விளைவு யாது? பெறுவது 91 ரூபாயாகக் குறையும். நஷ்டம் 34 ரூபாய், அஃதாவது சரியாக இருமடங்கு. 216-இல் 16 ஆட்டங்களைத்தான் அவன் தொட்டான். மற்றை 200 ஆட்டங்களும் முன்போலவே நடக்கின்றன. எப்போதோ வரும் பெரும்பரிசைச் சிறிது நறுக்கினால் எப்போதும் வரும் நஷ்டம் இரட்டிக்கிறது. இதனை உளங்கொண்டு மேலே செல்வோம்.

மேனாட்டுக் கேசினோக்களிற் பெருவழக்காயுள்ள பிளாக்ஜாக் என்னும் சீட்டாட்டத்தில், 21 என்ற எண்ணிக்கையைத் தாண்டாமல் அதனை நெருங்குவோனே வெல்வான். முதலிரண்டு சீட்டுக்களில் ஒன்று ஏஸாகவும், மற்றொன்று பத்தாகவோ ராஜா, ராணி, ஜாக்கியாகவோ அமையின் அதுவே பிளாக்ஜாக். ஒரு கட்டுச் சீட்டில் இருசீட்டுச் சேர்க்கைகள் 1326. அவற்றுள் பிளாக்ஜாக் ஆவன 64. ஏறக்குறைய 21 ஆட்டங்களுக்கு ஒருமுறை இது வாய்க்கும். இதற்குத் தொன்றுதொட்ட பரிசு இரண்டுக்கு மூன்று. 100 ரூபாய் வைத்தவனுக்கு 150 கிடைக்கும். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் லாஸ் வேகஸ் நகரில் ஐந்துக்கு ஆறு என்னும் பரிசு பரவலாயிற்று. அதன்படி 120 ரூபாயே கிடைக்கும். மூன்று, இரண்டைவிட ஆறு, ஐந்து பெரிய எண்களாதலின், கணக்கறியாதான் கண்ணுக்குப் புது விதி உயர்ந்ததாகவும் தோன்றலாம். நம் பழைய எண்சுவடி முறையிற் பார்த்தால் மயக்கம் தெளியும். முந்தைய பரிசு ஒன்றரை, அஃதாவது ஒன்றே பத்து மா. பிந்தையது ஒன்றே நான்கு மா. பறிபோனது ஆறு மா.

நல்ல விதிகளுள்ள மேசையில் பிழையின்றி ஆடுவோனுக்கு 100 ரூபாய்ப் பந்தயத்தில் சராசரி நஷ்டம் ஏறக்குறைய அரை ரூபாய். இவ்வாறு மா குறைந்ததும் அது ஏறக்குறைய 1 ரூபாய் 90 காசாகிறது. மணிக்கு 60 ஆட்டம், ஆட்டத்திற்கு 100 ரூபாய் என வைத்தால், மணிக்கு 30 ரூபாயாயிருந்த நஷ்டம் 110 ரூபாயைத் தாண்டும். பொழுதுபோக்காய் வந்து மனம்போனபடி ஆடுவோனுக்கு அவன் பிழைகளின் விலையும் இதன்மேற் சேரும்.

அங்ஙனமாயின் அவன் இதனை ஏன் உணர்வதில்லை? ஒரு மணி நேர ஆட்டத்தில் கைப்பொருள் 900 ரூபாயளவு ஏறுவதும் இறங்குவதும் இயல்பு. அவ்வலையில் 80 ரூபாய்க் குறைவு கண்ணுக்குப் புலப்படாது. பிளாக்ஜாக் மணிக்கு மூன்றுமுறையே வருகிறது. வந்தபோது 120 ரூபாய் பெற்ற மகிழ்ச்சியில், வாராத 30 ரூபாயை எவன் எண்ணுவான்? நாள்தோறும் ஆடுவோன் கணக்கறிந்து அம்மேசையை விட்டு எழுந்துவிடுகிறான். ஓராண்டுக்கொருமுறை வருவோன் அமர்ந்திருக்கிறான். ஒரே கட்டுச் சீட்டால் ஆடுவது ஆடுவோர்க்கு நலம் என்று செவிவழி அறிந்தோரை, அப்பெயரையே காட்டி அழைத்துக் குறைந்த பரிசு கொடுத்த மேசைகளும் உண்டு. இன்னும் கொடியது, பெரும்பந்தய மேசைகளில் பழைய பரிசை நிறுத்திச் சிறுபந்தய மேசைகளில் குறைந்த பரிசை வைக்கும் வழக்கமாகும். சிறிது வைப்பவன் மிகுந்த விகிதத்தில் இழக்கிறான். வரியில் இவ்வாறு நேர்ந்தால் நாடே கூக்குரலிடும்.

தமிழ்நாட்டிற் கேசினோக்கள் இல்லை. ஆயினும் கோவாவிற்கும் கொழும்பிற்கும் சிங்கப்பூருக்கும் உல்லாசப் பயணம் செல்வோர் நம்மிடையே பலர். 2022-ஆம் ஆண்டில் நம் மாநிலமும் 2025-இல் மத்திய அரசும் இணையவழிப் பணச்சூதைத் தடுக்கச் சட்டம் இயற்ற நேர்ந்தமையே, இத்தீமை கைப்பேசி வாயிலாக வீட்டினுள்ளும் புகுந்ததற்குச் சான்று.

விவிலியத்து நீதிமொழிகள் கள்ளத்தராசைக் கடிந்துரைக்கின்றன. ஐந்துக்கு ஆறு என்பது கள்ளத்தராசு அன்று. அது மேசை விரிப்பிலேயே அச்சிடப்பட்டுள்ளது. ஆயினும் வாங்குவோன் படித்தறியமாட்டான் என்னும் நம்பிக்கையில் தொங்கவிட்ட தராசு நேர்மையானதாகுமா? மாணவ நண்பர்காள்! சூதை அறவே ஒழித்தலே தலையாய நெறி. பழைய பரிசும் நஷ்டமே என்பதை மறவற்க. பரிசுச் சீட்டோ, தவணைக் கடனோ, காப்புறுதியோ, எவ்வகை உடன்படிக்கையாயினும், வெற்றி வந்தால் என்ன கிடைக்கும் என்று மட்டும் கேளாது, நூறுமுறை செய்தால் கையில் என்ன நிற்கும் என்று கணக்கிட்டுப் பார்மின். தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில் உலவும்போதெல்லாம் அன்று முழங்கிய பீரங்கியை நினைமின். குண்டு எங்கே விழுந்தது என்று பார்ப்பதற்கு முன்னரே, பீரங்கியைக் கொணர்ந்தவர் யாவர் என்று கேட்டறிதல் நலம்.